இரண்டு கேபிள் போட்டும் ஒன்றுதான் ஓடுகிறது, ஏன்?

கேள்வி: ஜூன் 3, மாலை 6.10

அண்ணாமாருக்கு வணக்கம். வெள்ளவத்தையில் ஒரு சின்ன அலுவலகத்தில் கணினி வேலைகளைப் பார்க்கிறேன். மேல்மாடி சுவிட்சுக்கும் கீழ்மாடி சுவிட்சுக்கும் இடையில் 1 கிகாபிட் கேபிள் இரண்டு போட்டு, எல்ஏசிபி (பல கேபிளை ஒரே இணைப்பாகச் சேர்க்கும் முறை) வைத்து ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். இரவில் சேர்வரிலிருந்து பேக்கப் பெட்டிக்குக் கோப்புகள் போகும்போது வேகம் நொடிக்கு 112 மெகாபைட்டைத் தாண்டுவதே இல்லை. ஒரு போர்ட் முழுவதும் நிறைந்திருக்கிறது, மற்றது சும்மா கிடக்கிறது. 2 கிகா வரவேண்டும் அல்லவா? சுவிட்ச் பழுதா?

ஜூன் 3, இரவு 9.40

பழுது இல்லை தம்பி. இரண்டு கேபிளைச் சேர்த்தால் 2 கிகா குழாய் ஒன்று கிடைக்கும் என்றுதான் எல்லோரும் நினைப்போம். உங்களிடம் இருப்பது 1 கிகா குழாய்கள் இரண்டு. ஒரு சேர்வருக்கும் ஒரு பெட்டிக்கும் இடையில் ஓடும் ஓர் இணைப்பு எப்போதும் அவற்றில் ஒன்றுக்குள்தான் போகும். 112 மெகாபைட் என்றால் அந்த ஒரு குழாய் கிட்டத்தட்ட விளிம்பு வரை நிறைந்துவிட்டது. தரவு பாக்கெட் என்ற சின்னத் துண்டுகளாகத்தான் போகும், 8 பிட் ஒரு பைட். ஒவ்வொரு துண்டின் முன்னும் ஒட்டும் முகவரித் தலைப்புகளுக்குப் போகும் இடத்தைக் கழித்தால் 1 கிகாவில் நொடிக்கு 118 மெகாபைட் அளவுக்கு மேல் வராது.

சுவிட்ச் எந்தக் கேபிளில் அனுப்புவது என்று முடிவெடுக்கும் விதம் மிகவும் எளிது. பாக்கெட்டின் தலைப்பில் உள்ள முகவரிகளில் சிலவற்றை எடுக்கும், ஒரு சின்னக் கணக்குப் போடும், விடையைக் கேபிள் எண்ணிக்கையால் வகுக்கும், மீதி எத்தனையோ அந்தக் கேபிள். இந்தக் கணக்குக்குத்தான் ஹாஷ் என்று பெயர். அதே முகவரிகள் வந்தால் அதே விடை. கேபிள் நிறைந்திருக்கிறதா, காலியாக இருக்கிறதா என்று அது பார்ப்பதே இல்லை.

ஏன் இப்படி? ஒரே உரையாடலின் பாக்கெட்டுகள் வரிசை குலையாமல் போய்ச் சேரவேண்டும். கேபிள் சேர்ப்புக்காக 2000 ஆம் ஆண்டில் வந்த 802.3 ஏடி தரத்திலேயே அது நிபந்தனை. வரிசை குலைந்தால், பாக்கெட்டுகள் போய்ச் சேர்ந்ததா என்று பார்த்துக்கொள்ளும் டிசிபி அதை இழப்பு என்று நினைத்துக்கொள்ளும். ஒரே ஒப்புகை (கிடைத்தது என்று மறுமுனை அனுப்பும் பதில்) மூன்று தரம் திரும்ப வந்தாலே போதும், பாக்கெட் தொலைந்துவிட்டது என்று மறுபடி அனுப்பி வேகத்தையும் குறைத்துவிடும்.

எத்தனை சேர்வர் இருக்கிறது? பேக்கப் பெட்டி அதே விலானிலா (சுவிட்சுக்குள் பிரித்து வைத்த தனி வலை), வேறு விலானிலா? இதைச் சொல்லுங்கள்.

ஜூன் 4, மதியம் 1.15

மூன்று சேர்வர், பேக்கப் பெட்டி வேறு விலானில், மேல்மாடி சுவிட்சே இரண்டு விலானுக்கும் இடையில் ரவுட்டிங் செய்கிறது என்று தம்பி எழுதியிருக்கிறார். அப்படியானால் விஷயம் பாதி விளங்கிவிட்டது.

பல சுவிட்சுகளில் தொழிற்சாலை அமைப்பு, அனுப்புபவரின் மேக் முகவரியை (வலையட்டைக்குத் தொழிற்சாலையில் கொடுத்த எண்) மட்டும் வைத்துக் கணக்குப் போடும். ஒரு விலானிலிருந்து இன்னொன்றுக்கு ரவுட்டிங் ஆகும் பாக்கெட்டில் சேர்வரின் மேக் அழிந்து, ரவுட்டிங் செய்த பெட்டியின் மேக் ஏறிவிடும். மூன்று சேர்வர் என்ன, முப்பது சேர்வர் வைத்தாலும் கீழே இறங்கும் ஒவ்வொரு பாக்கெட்டிலும் ஒரே மேக்தான். ஒரே மேக் என்றால் ஒரே கேபிள்.

கணக்கை இரு முனை ஐபி முகவரிகளுக்கு மாற்றுங்கள். சரியாகிவிடும்.

ஜூன் 4, மதியம் 1.30

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். போர்ட்டில் மினுங்கும் பச்சை வெளிச்சத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நொடிக்கு ஐந்து பாக்கெட் போனாலும் அது மினுங்கும். இரண்டு போர்ட்டிலும் வெளியே போன பைட் கணக்கை ஒரு தரம் எழுதி வைத்து, ஐந்து நிமிடம் கழித்து மறுபடி எழுதிக் கழித்துப் பாருங்கள்.

ஜூன் 7, இரவு 11.05

"சரியாகிவிடும்" என்று எழுதியது அவசரம். தம்பி மாற்றியிருக்கிறார், ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு காரணம் தெரிகிறது.

முதலாவது, அவர் மாற்றியது கீழ்மாடி சுவிட்சில். ஒவ்வொரு முனையும் தான் வெளியே அனுப்பும் பாக்கெட்டுக்கு மட்டும்தான் கேபிள் தேர்வு செய்யும். பேக்கப் மேலிருந்து கீழே போகிறது, ஆகவே முடிவெடுப்பது மேல்மாடி சுவிட்ச். கீழே மாற்றியது திரும்பி வரும் ஒப்புகைகளுக்கு மட்டும் உதவும். இரண்டு முனையும் ஒரே முறையில் கணக்குப் போடவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இதை நான் முன்பே சொல்லியிருக்கவேண்டும்.

இரண்டாவது காரணம் எனக்கு நன்றாகவே பழக்கமானது, அதனால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். சில வருடங்களுக்கு முன் கொள்ளுப்பிட்டியில் ஓர் அலுவலகத்தில் இதே நிலைமை. நான்கு சேர்வர், ஒரு பேக்கப் பெட்டி, இரண்டு கேபிள். ஐபி கணக்குக்கு மாற்றியும் ஒரு கேபிள் அசையவே இல்லை. சேர்வர் அறைக் குளிரில் இரவு பத்து மணிக்கு நின்றுகொண்டு, கையில் இருந்த டெலிவரி நோட்டின் பின்பக்கத்தில் முகவரிகளை எழுதிப் பார்த்தேன். சேர்வர்களின் கடைசி எண்கள் 10, 20, 30, 40. பேக்கப் பெட்டி 50. யாரோ ஒழுங்காக, நினைவில் நிற்கும்படி வைத்த எண்கள்.

அந்தச் சுவிட்ச் செய்வது இதுதான்: இரண்டு ஐபியின் கடைசிப் பிட்டுகளையும் ஒப்பிடும். ஒரே மாதிரி இருந்தால் 0, வேறு வேறாக இருந்தால் 1. இரண்டு கேபிளுக்கு அந்த ஒரு பிட் போதும். இருமத்தில் 10 என்பது 1010, 50 என்பது 110010. இரட்டை எண் எதுவானாலும் கடைசிப் பிட் 0. எனவே எந்தச் சேர்வரை எடுத்து 50 உடன் ஒப்பிட்டாலும் விடை 0. நான்கும் ஒரே கேபிள்.

உடனே பேக்கப் பெட்டியை 51 ஆக்கினேன். எல்லாம் அப்படியே கூட்டமாக மற்றக் கேபிளுக்குப் போயின! ஒரு பக்கத்தில் ஒரே பெட்டி இருக்கும்போது அதன் எண்ணை மாற்றினால் எல்லாருடைய விடையும் சேர்ந்துதான் மாறும். அதைத் திரும்ப 50 ஆக்கிவிட்டு, இரண்டு சேர்வர்களை 11, 31 என்று மாற்றினேன். அதன் பிறகுதான் இரண்டு கேபிளும் ஓடின.

இன்னும் இரண்டு கேபிள் வாங்கிப் போட்டிருந்தால்? நான்கு கேபிளுக்குக் கடைசி இரண்டு பிட். 10 க்கும் 30 க்கும் அது 10, 20 க்கும் 40 க்கும் 00, 50 க்கு 10. ஒப்பிட்டால் 10 உம் 30 உம் 0 ஆவது கேபிளில், 20 உம் 40 உம் 2 ஆவது கேபிளில். 1 உம் 3 உம் கடைசிவரை வெறுமை. நான்கு கேபிளுக்குக் காசு கொடுத்து இரண்டைத்தான் பாவித்திருப்போம். தம்பியின் சேர்வர் எண்கள் என்ன என்று இன்னும் சொல்லவில்லை, ஆனால் எனக்கு ஒரு ஊகம் இருக்கிறது.

ஜூன் 8, காலை 7.20

தம்பியின் பதில் வந்துவிட்டது: 10, 20, 30. பேக்கப் பெட்டி 100. எல்லாம் இரட்டை எண்.

ஜூன் 11, இரவு 8.50

இடையில் ஒருவர் கேட்டிருந்தார்: இவ்வளவு கணக்கு எதற்கு, முதல் பாக்கெட் இந்தக் கேபிளில், அடுத்தது அந்தக் கேபிளில் என்று மாறி மாறி அனுப்பினால் என்ன?

லினக்ஸில் அந்த வழி இருக்கிறது. கேபிள்களைச் சேர்க்கும் பாண்டிங் முறைகளில் 0 ஆவது அதுதான், ஒரே டிசிபி இணைப்பை இரண்டு கேபிளில் பரப்பக்கூடிய முறையும் அது ஒன்றுதான். வீட்டில் இரண்டு பழைய கணினிகளை நேருக்கு நேர் இணைத்து ஒரு சனிக்கிழமை முழுவதும் மினக்கெட்டுப் பார்த்தேன். வேகம் கூடியது, ஆனால் இரட்டிக்கவில்லை. பாக்கெட் பிடித்துப் பார்த்தால் மறுபடி அனுப்பியவை நிறைய, எதுவும் தொலைந்திருக்கவில்லை. இரண்டு கேபிளில் எது ஒரு கணம் முந்தினாலும் வரிசை குலைந்துவிடும்.

ஆடிவேல் தேர் செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்கு வரும் நாளை நினைத்துப் பாருங்கள். பக்கத்து வீதி எவ்வளவு வெறுமையாக இருந்தாலும் தேரைப் பிரித்துப் பாதியை அதில் அனுப்ப முடியாது. காவடியும் மேளமும் தேரும் ஒழுங்காகப் பின்தொடரவேண்டும். அந்த வீதியில் பின்னால் மாட்டிக்கொண்ட பஸ் காத்திருக்கத்தான் வேண்டும். உங்கள் 40 கிகாபைட் பேக்கப் கோப்பு ஒரு தேர். அதே கேபிள் விழுந்த சின்னச் சின்ன வேலைகள் எல்லாம் அதன் பின்னால் நிற்கும், மற்றக் கேபிள் திறந்து கிடக்கும். ஆங்கிலத்தில் இப்படிப்பட்ட பெரிய ஓட்டத்தை யானை என்றும் சின்னதை எலி என்றும் சொல்வார்கள். ஹாஷ் எலிகளை நன்றாகப் பங்கிடும், எண்ணிக்கை கூட இருந்தால் சராசரி தானாக வந்துவிடும். இரண்டு யானை ஒரே பக்கம் விழுந்தால் அதற்கு அதனிடம் மருந்து இல்லை.

ஜூன் 15, பின்னேரம் 4.30

தம்பியுடன் வேலை செய்பவர் "எல்ஏசிபியை எடுத்துவிட்டுச் சும்மா இரண்டு கேபிள் போட்டுப் பார்ப்போம்" என்று ஒரு முனையில் எடுத்திருக்கிறார். நல்ல காலம், ஸ்பானிங் ட்ரீ ஓடிக்கொண்டிருந்தது. இல்லாவிட்டால் எல்லாருக்கும் போகும் ஒரு பிராட்காஸ்ட் பாக்கெட் இரண்டு கேபிளிலும் சுற்றிச் சுற்றிப் பெருகி அலுவலகமே நின்றிருக்கும். சுவிட்சுகளுக்கு இடையில் பாக்கெட்டைச் சுமக்கும் ஈதர்நெட் பிரேமில், இத்தனை தாவலுக்குப் பிறகு கைவிடு என்று சொல்லும் ஆயுள் எண் கிடையாது, தானாக ஓய்ந்துபோகாது.

இங்கே ஓர் அடிப்படை வேறுபாடு இருக்கிறது. மேக் முகவரியை மட்டும் பார்க்கும் சுவிட்ச் வழி தேர்வதே இல்லை. எந்த மேக் எந்தப் போர்ட்டிலிருந்து வந்தது என்று குறித்துக்கொள்ளும், வழமையாக 300 நொடி நினைவில் வைத்திருக்கும். தெரியாத முகவரி வந்தால் எல்லாப் போர்ட்டிலும் அனுப்பிவிடும். அதனால் வலையில் சுற்று இருக்கவே கூடாது. ராடியா பெர்ல்மன் 1985 இல் டெக் நிறுவனத்தில் இருந்தபோது இதற்குத் தந்த தீர்வுதான் ஸ்பானிங் ட்ரீ: சுவிட்சுகள் தங்களுக்குள் ஒன்றை வேராகத் தெரிவு செய்யும், வேரை நோக்கிய மிகக் குறைந்த செலவுள்ள (வேகமான கேபிளுக்குச் செலவு எண் சிறியது) பாதையை வைத்துக்கொண்டு மற்றதை மூடிவிடும். மூடிய கேபிள் அவசரத்துக்கு மட்டும்.

வேர் எப்படித் தெரிவாகிறது என்பதில் கவனம் வேண்டும். எல்லாச் சுவிட்சுக்கும் முன்னுரிமை எண் தொழிற்சாலையில் 32768. சமமாக இருப்பதால் சிறிய மேக் முகவரி உள்ளது வெல்லும். ஒரே கம்பனியின் பெட்டிகளில் பழையதற்குத்தான் பெரும்பாலும் சிறிய எண் இருக்கும். புறக்கோட்டையில் ஒரு மொத்தக் கடைக்கு உதவப் போனேன். சாக்கு அடுக்குகளுக்குப் பின்னால், தூசி படிந்த 100 மெகாபிட் சுவிட்ச் ஒன்று முழுக் கட்டடத்துக்கும் வேராக இருந்தது. மேலே புதிதாக வாங்கி வைத்த இரண்டு கிகாபிட் சுவிட்சுகளும் தங்களுக்குள் பேசுவதற்கே அந்தத் தூசிப் பெட்டி வழியாகப் போய் வந்தன. நடுச் சுவிட்சின் முன்னுரிமையை 4096 ஆக்கினேன், ஒரு கட்டளை, அரை நிமிடத்துக்குச் சற்று மேல் எல்லாம் நின்று திரும்ப வந்தது. உங்கள் அலுவலகத்தில் வேர் எது என்று இன்றே பாருங்கள்.

ஜூன் 22, இரவு 10.15

ரவுட்டிங் பக்கத்துக்கும் வரவேண்டும், ஏனென்றால் பலரின் கேள்வி அங்கே போய்விட்டது.

ரவுட்டிங் செய்யும் சுவிட்ச் முதலில் பார்ப்பது, போகவேண்டிய ஐபிக்கு மிக நெருக்கமாகப் பொருந்தும் வரி எது என்று. 10.1.0.0/16 (முதல் 16 பிட் பொருந்தினால் போதும்) உம் 10.1.5.0/24 (24 பிட் பொருந்தவேண்டும்) உம் அட்டவணையில் இருந்தால் 10.1.5.7 க்கு இரண்டாவதுதான். செலவு என்னவானாலும் சரி. ஒரே வலைக்கு இரண்டு வழி தெரிந்தால்தான் செலவுக் கணக்கு. ரவுட்டர்கள் தங்களுக்குள் வழிகளைப் பரிமாறும் ஓஎஸ்பிஎஃப் ஓடினால் ஒவ்வொரு பெட்டியும் முழு வரைபடத்தையும் வைத்துக்கொண்டு டைக்ஸ்ட்ரா 1959 இல் வெளியிட்ட முறைப்படி குறுகிய பாதையைத் தானே கணக்கிடும். இரண்டு பாதைக்குச் செலவு சமம் என்றால் இரண்டையும் வைத்துக்கொண்டு மறுபடி அதே ஹாஷ் பங்கீடு.

இந்தச் "சமம்" என்ற சொல் என்னை ஒரு தரம் நன்றாக அலைக்கழித்தது. ஒரு நிறுவனத்துக்கு மருதானையில் ஒரு கட்டடம், கொள்ளுப்பிட்டியில் ஒரு கட்டடம். இடையில் 1 கிகா ஃபைபர், அது அறுந்தால் உதவ 100 மெகா லைன் ஒன்று. ஆட்கள் சொன்ன முறைப்பாடு விசித்திரமாக இருந்தது: ஒரே பக்கத்தைத் திறந்தால் ஒரு தரம் பறக்கிறது, ஒரு தரம் ஊர்கிறது. மறுபடி அழுத்தினால் சரியாகிறது. ஃபைபரைச் சோதித்தோம், கேபிள் மாற்றினோம், இரண்டு நாள் போனது. பாக்கெட் போகும் வழியைக் காட்டும் டிரேஸ்ரூட் கருவி ஒவ்வொரு தரமும் வேறு வழி காட்டியபோதுதான் சந்தேகம் வந்தது.

ஓஎஸ்பிஎஃப் செலவு என்பது 100 மெகாபிட்டை லைனின் வேகத்தால் வகுத்து வருவது. 100 மெகா லைனுக்கு 1. 1 கிகாவுக்கு 0.1 வரவேண்டும், ஆனால் 1 க்குக் கீழே எண் இல்லை, அதனால் அதுவும் 1. 10 கிகாவுக்கும் 1. பெட்டியின் கண்ணில் இரண்டும் சமமான பாதைகள்! பாதி இணைப்புகளை ஃபைபரிலும் பாதியைப் பத்தில் ஒரு பங்கு வேகமுள்ள லைனிலும் போட்டுக்கொண்டிருந்தது. அந்தப் பெட்டி போர்ட் எண்ணையும் (கேபிள் செருகும் போர்ட் இல்லை, பாக்கெட்டின் தலைப்பில் இணைப்புக்கு இணைப்பு மாறும் எண்) ஹாஷில் சேர்த்ததால், பக்கத்தை மறுபடி திறந்தால் புதிய போர்ட் எண், புதிய விடை, சில வேளை நல்ல வழி. அந்த 100 மெகாபிட் என்ற அடிப்படை வேகத்தை எல்லா ரவுட்டரிலும் ஒரே மாதிரிப் பெரிதாக்கினோம், அன்றே தீர்ந்தது. ஒன்றில் மட்டும் மாற்றினால் வேறு கோணல் வரும், எல்லாவற்றிலும் மாற்றவேண்டும்.

டிரேஸ்ரூட் பற்றி ஒரு வார்த்தை: பழைய டிரேஸ்ரூட் ஒவ்வொரு பாக்கெட்டிலும் போர்ட் எண்ணை மாற்றிக்கொண்டே போகும். பல பாதை உள்ள வலையில் அது காட்டும் கோடு, உண்மையில் எந்த இணைப்பும் போகாத வழியாகக்கூட இருக்கலாம். 2006 இல் வந்த பாரிஸ் டிரேஸ்ரூட் அந்த எண்களை மாற்றாமல் வைத்திருந்து இதைத் தீர்த்தது. நான் முதல் நாளே அதைப் பாவித்திருந்தால் ஒரு நாள் மிச்சம்.

ஜூன் 23, காலை 6.50

படுத்த பிறகு நினைவுக்கு வந்தது. இரண்டு அடுக்குச் சுவிட்சுகளும் ஒரே ஹாஷைப் பாவித்தால் இன்னொரு கோளாறு வரும். முதல் அடுக்கு, விடை 0 வந்தவற்றை இடப்பக்கச் சுவிட்சுக்கும் 1 வந்தவற்றை வலப்பக்கத்துக்கும் அனுப்புகிறது. இடப்பக்கத்துக்கு வந்த எல்லாவற்றுக்கும் விடை ஏற்கெனவே 0. அது அதே கணக்கைத் திரும்பப் போட்டால் மறுபடி எல்லாம் 0, அதன் இரண்டாவது கேபிள் எப்போதும் வெறுமை. ஒவ்வொரு பெட்டிக்கும் ஹாஷ் விதை எண்ணை (கணக்கில் கூடச் சேரும் தொடக்க எண்) வேறு வேறாகக் கொடுத்தால் போதும். எல்லாப் பெட்டிக்கும் ஒரே அமைப்பை அப்படியே நகல் எடுத்து ஏற்றுபவர்கள் இதைக் கவனிக்கவும்.

ஜூன் 29, இரவு 9.00

யாழ்ப்பாணக் கிளையுடன் விபிஎன் வைத்திருப்பவரின் கேள்விக்கு: எல்லாவற்றையும் மறையாக்கி ஒரே உறைக்குள் அனுப்பும் ஐபிசெக் சுரங்கத்துக்குள் 200 பேர் வேலை செய்தாலும் வெளியே தெரிவது இரண்டு ஐபி மட்டும், போர்ட் எண்ணும் மறைந்துவிடும். நடுவில் உள்ள சுவிட்சுக்கு அது ஒரே ஓட்டம். சுரங்கத்தை இரண்டாகப் பிரித்து வேறு வேறு ஐபியில் போட்டால்தான் பங்கிடும். ஒரு வலையின் பாக்கெட்டை இன்னொரு வலையின் யுடிபி பாக்கெட்டுக்குள் வைத்து அனுப்பும் விஎக்ஸ்லான் இந்த விஷயத்தில் நல்ல புத்தி செய்திருக்கிறது: உள்ளே உள்ள ஓட்டத்தின் ஹாஷை வெளி யுடிபி போர்ட் எண்ணில் எழுதிவிடுகிறது.

ஜூலை 2, இரவு 10.40

முதல் நாள் எழுதியதில் ஒரு வரியைத் திருத்தவேண்டும். "நிறைந்திருக்கிறதா என்று பார்ப்பதே இல்லை" என்றேன். நம் அலுவலகங்களில் உள்ள பெட்டிகளுக்கு அது உண்மை. பெரிய தரவு மையங்களுக்கான சில சிப்புகள் பார்க்கின்றன. 2014 இல் வந்த கோங்கா ஆய்வு நல்ல உதாரணம். ஓர் ஓட்டத்தில் பாக்கெட்டுகள் கொத்துக் கொத்தாக வரும், கொத்துகளுக்கு நடுவே இடைவெளி இருக்கும். அந்த இடைவெளி, இரண்டு பாதைகளின் தாமத வேறுபாட்டைவிட நீளமாக இருந்தால், அடுத்த கொத்தை நெரிசல் குறைந்த பாதையில் மாற்றி விடலாம். வரிசை குலையாது, ஏனென்றால் முந்திய கொத்து அதற்குள் போய்ச் சேர்ந்திருக்கும். தேரைப் பிரிக்காமல், தேருக்கும் அடுத்து வரும் ஊர்வலத்துக்கும் இடையில் உள்ள வெளியைப் பார்த்துத் திருப்புவது போன்றது. இதை முதலில் படித்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

இன்னொன்று: நான்கு கேபிளில் ஒன்று அறுந்தால் அதில் போனவை மட்டும் இடம் மாறும் என்று பலர் நினைக்கிறார்கள். வகுத்து மீதி எடுக்கும் முறையில் அப்படி இல்லை. 0 முதல் 11 வரை பன்னிரண்டு விடைகளை எழுதி, 4 ஆல் வகுத்த மீதியையும் 3 ஆல் வகுத்த மீதியையும் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். 0, 1, 2 மூன்றுக்கு மட்டும்தான் இரண்டும் ஒத்துப்போகும். மற்ற ஒன்பதும் கேபிள் மாறும், முக்கால் பங்கு. சாதாரண இணைப்புகளுக்குப் பரவாயில்லை, வழியில் ஃபயர்வால் போன்ற நினைவு வைத்திருக்கும் பெட்டிகள் இருந்தால் இணைப்புகள் அறுந்துபோகும். அறுந்ததன் பங்கை மட்டும் மாற்றும் ஹாஷ் முறைகளும் இருக்கின்றன, உங்கள் சுவிட்சில் இருந்தால் போட்டுவிடுங்கள்.

ஜூலை 6, இரவு 8.20

தம்பி செய்தது: மேல்மாடி சுவிட்சில் ஐபி கணக்கு, இரண்டாவது சேர்வரை 20 இலிருந்து 21 ஆக மாற்றினார், வேர் எது என்றும் பார்த்து நடுச் சுவிட்சுக்கு வைத்துவிட்டார். பெரிய கோப்புகள் உள்ள சேர்வருக்கு மட்டும் ஒரு கேபிள் தனியாகக் கிடைக்கும்படி, பெரியது 21 இல், சின்ன இரண்டும் இரட்டையில். அந்தப் பங்கீடு அவரே யோசித்தது, எனக்குத் தோன்றவில்லை.

அந்தப் பெரிய சேர்வரின் தனி இணைப்பு இன்னும் 112 தான், அது மாறாது. அதற்கு 10 கிகா கார்டு இரண்டும் கேபிளும் வாங்க யூனிட்டி பிளாசாவில் விலை கேட்டிருக்கிறார். இரண்டு மாடிக்கும் நேரே ஒரு கேபிள் என்றால் அதுதான் சரி.

ஜூலை 7, காலை 7.05

நேற்று இரவுக் கணக்கை அனுப்பியிருக்கிறார். முதல் போர்ட் 188 கிகாபைட், இரண்டாவது 214. பேக்கப் முன்பு எடுத்த நேரத்தில் ஏறக்குறையப் பாதியிலேயே முடிந்துவிட்டதாம்.